18,000 ரூபாய்க்குள் கிராஃபிக்ஸ் கார்டு, ஓவர்கிளாக் செய்யவும் வேண்டும்: குளச்சலில் இருந்து ஒரு கேள்வி

குளச்சல் அலை | நவம்பர் 6, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். லீவு நாட்களில் மொபைல் கடையில் வேலை பார்த்துச் சேர்த்த 18,000 ரூபாய் கையில் இருக்கிறது. அதற்குமேல் வீட்டில் கேட்க முடியாது.

இப்போது இருக்கும் கம்ப்யூட்டர்: ஐ5 10400எஃப் சிபியு, எச்410 மதர்போர்டு, 16 ஜிபி ரேம் (இரண்டு 8), 1080பி மானிட்டர் 75 ஹெர்ட்ஸ். கேபினெட்டோடு வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி). படம் தெரிவதற்காக ஒரு ஜிடி 710 கார்டு மாட்டியிருக்கிறேன். ஜிடிஏ 5 அதில் படம் படமாகத்தான் நகர்கிறது.

நான் பார்த்து வைத்தவை: ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி புதிது, ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி புதிது, ஆர்எக்ஸ் 580 8 ஜிபி பழையது, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் பழையது. ஓவர்கிளாக் (கார்டைக் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே ஏற்றி ஓட்டுவது) செய்து கற்றுக்கொள்ளவும் ஆசை. எதை எடுக்கலாம்? வீடு கடலில் இருந்து முந்நூறு மீட்டர்தான், ஏசி கிடையாது. இது முக்கியமா என்று தெரியவில்லை, சொல்லி வைக்கிறேன்.

தக்கலைக்காரி | நவம்பர் 6, இரவு 9.50

தம்பி, 6500 எக்ஸ்டியை முதலில் பட்டியலில் இருந்து எடுத்துவிடு. கார்டு மோசம் என்பதற்காகச் சொல்லவில்லை, உன் போர்டுக்கு அது ஒத்து வராது. அந்தக் கார்டு போர்டோடு பேசுவது நாலே நாலு பிசிஐஇ லேன் (தகவல் போகிற பாதை) வழியாக. பிசிஐஇ 4.0 போர்டில் அது ஒரு மாதிரி சமாளிக்கும். எச்410 என்பது 3.0, அதாவது ஒவ்வொரு லேனிலும் பாதி வேகம். நாலு ஜிபி மெமரி நிறைந்ததும் கார்டு ரேமை நோக்கி ஓடவேண்டி வரும், ஓடுகிற பாதையோ ஒற்றையடிப் பாதை. விளையாட்டு திக்கித் திக்கி நிற்கும்.

இன்னொன்று, அதில் வீடியோ என்கோடரே (ரெக்கார்டு செய்கிற படத்தைச் சுருக்கும் பகுதி) இல்லை. நீ விளையாடுவதை ரெக்கார்டு செய்தால் சுமை முழுக்க சிபியு தலையில் விழும். நான் வீடியோ எடிட்டிங் செய்கிறவள், இது தெரியாமல் வாங்கி மூன்றே வாரத்தில் விற்றேன்.

வடசேரி சால்டரிங் | நவம்பர் 6, இரவு 10.35

மக்கா, கார்டு பேச்சை அப்புறம் வைத்துக்கொள்வோம். உன் எஸ்எம்பிஎஸ் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படித்துச் சொல்லு. மேலே பெரிதாக 450 என்று போட்டிருப்பதை விடு. +12வி என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்ப் என்று பார். கார்டுக்கு மாட்டுகிற 6+2 பின் வயர் இருக்கிறதா என்பதையும் பார்.

குளச்சல் அலை | நவம்பர் 7, காலை 7.20

பார்த்தேன் அண்ணே. +12வி 16ஏ என்று இருக்கிறது. 6+2 பின் வயர் இல்லை. நாலு பின் மோலெக்ஸ் (பழைய வகை வயர் முனை) மூன்று இருக்கிறது. கடையில் கேட்டதற்கு மோலெக்ஸில் இருந்து 8 பின்னுக்கு கன்வர்ட்டர் இருக்கிறது, மாட்டிக்கலாம் என்றார்கள்.

வடசேரி சால்டரிங் | நவம்பர் 7, பகல் 1.15

மாட்டாதே.

கணக்கைப் பார். 12 வோல்ட், 16 ஆம்ப், பெருக்கினால் 192 வாட். சிபியுவும் கிராஃபிக்ஸ் கார்டும் தின்பது இந்த 12 வோல்ட் லைனைத்தான். மிச்சம் இருக்கிற வாட் எல்லாம் 5 வோல்ட், 3.3 வோல்ட் லைன்களைக் கூட்டிப்போட்டு எழுதினது, இன்றைய கம்ப்யூட்டருக்கு அதனால் பெரிய பிரயோஜனம் இல்லை. உன் 10400எஃப் பெயருக்கு 65 வாட், போர்டு விட்டுக்கொடுத்தால் கொஞ்ச நேரம் 134 வாட் வரை ஏறும். அதன்மேல் 130 வாட் கார்டு ஒன்றை மாட்டினால் 192 எங்கே போய் நிற்கும்?

கன்வர்ட்டர் கதை என் ரிப்பேர் மேசையில் அடிக்கடி நடக்கும். போன மாசம் ஒன்று வந்தது. கார்டு பிழைத்தது, ஆனால் மோலெக்ஸின் வெள்ளை பிளாஸ்டிக் காப்பிப் பொடி நிறத்துக்குப் போய், மஞ்சள் வயரின் பின் உள்ளேயே ஒட்டிக்கொண்டது. கொறடாவால் இழுத்தால் பின்னோடு பிளாஸ்டிக்கும் பிய்ந்து வருகிறது. மெலிந்த வயரில் ஆம்ப் ஏறினால் இணைப்பில் சூடு, சூடு ஏறினால் இணைப்பு தளரும், தளர்ந்தால் இன்னும் சூடு. விளையாடிக்கொண்டே இருப்பாய், வாசனை வரும்போதுதான் தெரியும்.

18,000 ரூபாயில் நாலாயிரத்தை எஸ்எம்பிஎஸ்ஸுக்கு என்று தனியே எடுத்து வை. 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்ற தரச் சான்று), 12 வோல்ட் லைன் மட்டுமே 40 ஆம்புக்குமேல் எழுதியிருக்க வேண்டும். மீதி 14,000. அதுதான் உன் கார்டு பட்ஜெட். இது எனக்குப் பிடிவாதமாகவே உண்டு.

ஆரல் காற்று | நவம்பர் 7, மாலை 6.40

வடசேரி அண்ணன் சொல்வது சரிதான், ஆனால் இந்தத் தம்பிக்கு வேறு வழி இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி. மொத்தமே 70 வாட். தனி வயர் வேண்டாம், போர்டு ஸ்லாட் கொடுக்கும் 75 வாட்டுக்குள் ஓடிவிடும். எஸ்எம்பிஎஸ் மாற்றுகிற காசு மிச்சம். புதிது, வாரன்ட்டி உண்டு, டிஎல்எஸ்எஸ் (குறைந்த தெளிவில் வரைந்து பெரிதாக்கி வேகம் கூட்டும் வசதி) உண்டு. நான் ஒரு வருஷமாக வைத்திருக்கிறேன், ஒரு தொந்தரவும் இல்லை.

தக்கலைக்காரி | நவம்பர் 7, இரவு 8.05

ஆரல் அண்ணன் வழி, பழைய பிராண்டட் ஆபீஸ் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறவர்களுக்கு அருமையான வழி. ஆனால் தம்பிக்கு ஓவர்கிளாக் ஆசை இருக்கிறதே. 70 வாட்டில் கட்டிப்போட்ட கார்டில் கிளாக்கை ஏற்றினால் அது பவர் லிமிட்டில் முட்டி, தானாகவே இறங்கிக்கொள்ளும். மெமரியில் கொஞ்சம் கிடைக்கும், அவ்வளவுதான்.

பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு. 2022இல் வந்த 3050க்கு 8 ஜிபி, மெமரி பாதை 128 பிட், 2560 கோர். 2024இல் வந்த 6 ஜிபிக்கு 96 பிட், 2304 கோர். இரண்டுக்கும் பெட்டியில் ஒரே பெயர். யூடியூபில் 8 ஜிபியின் வேகத்தைப் பார்த்துவிட்டு 6 ஜிபியை வாங்கி ஏமாறாதே.

ஆரல் காற்று | நவம்பர் 7, இரவு 8.30

அதை ஒப்புக்கொள்கிறேன். பவர் லிமிட் ஸ்லைடர் என் கார்டில் நூறுக்குமேல் நகரவே நகராது. ஓவர்கிளாக் கற்க வேண்டும் என்றால் இது ஏற்றதில்லை.

கருங்கல் | நவம்பர் 8, காலை 10.10

நான் 1660 சூப்பர் ஆள். 2021இல் மைனிங் (கிரிப்டோ நாணயம் எடுக்கக் கார்டுகளை ஓட்டுவது) விலையில் வாங்கி வயிறு எரிந்தவன், ஆனாலும் கார்டு இன்றுவரை ஓடுகிறது. 125 வாட், 6 ஜிபி. உன் 1080பிக்குப் போதும். ஆனால் உனக்கு இன்று சிபாரிசு செய்ய மாட்டேன். ரே டிரேசிங் (ஒளியையும் நிழலையும் நிஜம் போலக் கணக்கிடுவது) ஹார்டுவேர் இதில் இல்லை. டூம்: த டார்க் ஏஜஸ் மாதிரி ரே டிரேசிங் கட்டாயம் என்று வரும் விளையாட்டுகள் இதில் திறக்கவே திறக்காது. வருஷத்துக்கு ஒன்றிரண்டு அப்படி வரத் தொடங்கிவிட்டது.

ஆர்எக்ஸ் 580ஐயும் விடு. 2017 கார்டு, 185 வாட், ஏஎம்டி அதற்கு டிரைவர் (கார்டை இயக்கும் சாஃப்ட்வேர்) கவனிப்பை 2023இலேயே குறைத்துவிட்டது. மேலும் சந்தையில் 2048எஸ்பி என்று ஒன்று சுற்றுகிறது. உண்மையான 580க்கு 2304 ஷேடர் (கணக்குப் போடும் சின்னக் கோர்). 2048 என்றால் உள்ளே இருப்பது 570தான், பெட்டி மட்டும் 580.

பழையது எடுப்பதாக இருந்தால் ஆர்எக்ஸ் 6600 தேடு. 8 ஜிபி, 132 வாட், ஒரே ஒரு 8 பின். 3050 6 ஜிபியை ஓவர்கிளாக் செய்து எவ்வளவு ஏற்றினாலும் 6600 எதையும் ஏற்றாமலே தொடுகிற வேகத்தைத் தொடாது. ஓவர்கிளாக் தருவது நூற்றுக்கு நாலு, ஐந்து, எட்டு. ஒரு படி மேலே உள்ள கார்டு தருவது அதைவிடப் பல மடங்கு. இந்தக் கணக்கு புரிய எனக்கு மூன்று கார்டு செலவானது.

குளச்சல் அலை | நவம்பர் 8, இரவு 9.00

6600 எட்டு லேன்தானே, என் 3.0 போர்டில் அதுவும் அடி வாங்காதா அக்கா? இன்னொரு விஷயம், துபாயில் இருக்கும் மாமா டிசம்பரில் வருகிறார். இன்டெல் ஆர்க் பி580 அங்கே வாங்கித் தரட்டுமா என்று கேட்கிறார். 12 ஜிபியாம்.

தக்கலைக்காரி | நவம்பர் 8, இரவு 9.45

எட்டு லேன், 8 ஜிபி என்றால் பயப்பட வேண்டாம். சில விளையாட்டில் கொஞ்சம் குறையும், கண்ணுக்குத் தெரியாது. மெமரி நிறையாமல் டெக்ஸ்சரை (விளையாட்டில் பரப்புகளின் படத் தெளிவு) ஒரு படி இறக்கி வைத்துக்கொள்.

பி580 நல்ல கார்டு, ஆனால் உன் சிபியுவுக்கு இல்லை. ரீசைஸபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் சிபியு ஒரேயடியாகத் தொடவிடுவது) என்ற வசதி போர்டில் இருந்தே ஆகவேண்டும். உன் போர்டில் பயோஸ் அப்டேட் செய்தால் வரலாம், போர்டு கம்பெனி பக்கத்தில் பார். அது வந்தாலும் இன்டெல் டிரைவர் சிபியுவின் தலையில் சுமை அதிகம் ஏற்றும். ஆறு கோர் பழைய சிபியுவில் அதன் வேகம் சட்டென்று இறங்குவதைப் பலர் அளந்து காட்டியிருக்கிறார்கள். 190 வாட் வேறு.

வளைகுடாவில் வாங்குகிற எதற்கும் வாரன்ட்டி இங்கே செல்லுமா என்று வாங்கும் முன்பே கேட்டுக்கொள். நம் ஊரில் வீட்டுக்கு வீடு ஒரு கல்ஃப் ஆள் உண்டு, பெட்டியில் வரும் பொருளுக்கு பில் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. கார்டு போனால் திருப்பி அனுப்ப மாமாவின் அடுத்த லீவு வரை காத்திருக்க வேண்டும்.

வடசேரி சால்டரிங் | நவம்பர் 9, பகல் 2.20

பழைய கார்டு வாங்கப் போகும்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். விற்கிறவர் வீட்டிலேயே, ஓடுகிற நிலையில் பார்க்க வேண்டும். கையில் கவரில் கொண்டுவந்து பஸ் ஸ்டாண்டில் தருகிற கார்டைத் தொடாதே.

ஜிபியு-இசட் (கார்டின் விவரம் காட்டும் சாஃப்ட்வேர்) திற. 6600 என்றால் 1792 ஷேடர், 128 பிட், ஜிடிடிஆர்6. பஸ் என்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி பொத்தான் இருக்கும், அதை அழுத்தி டெஸ்ட் ஓடும்போது எட்டு லேனும் வருகிறதா என்று பார். சும்மா இருக்கும்போது அது குறைத்துத்தான் காட்டும், பயந்துவிடாதே. அப்புறம் யுனிஜின் ஹெவன் என்ற கிராஃபிக்ஸ் டெஸ்டை அரைமணி நேரம் ஓடவிடு. ஓடும்போது மூன்று விஷயம்: ஹாட்ஸ்பாட் (சிப்பில் மிகச் சூடான இடம்) சூடு, திரையில் புள்ளியோ கோடோ மின்னுகிறதா, விசிறியில் கரகர சத்தம். ஹாட்ஸ்பாட் சாதா டெம்பரேச்சரைவிட 30 டிகிரி தாண்டி நின்றால் தெர்மல் பேஸ்ட் (சிப்பின் சூட்டைக் கடத்தும் பசை) காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அது சரிசெய்யக்கூடியது, விலையைக் குறைத்துக் கேள்.

2022 செப்டம்பரில் எத்திரியம் மைனிங் நின்றபோது வந்து குவிந்த கார்டுகள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. மைனிங் கார்டு என்றாலே கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே சூட்டில் ஒரே வேகத்தில் ஓடிய சிப் பெரும்பாலும் நன்றாக இருக்கும், போவது விசிறியும் தெர்மல் பேடும்தான். ஆனால் நம் கடற்கரையில் வெறும் ஷெட்டில் ஓடிய கார்டு வேறு ஜாதி. கண்ணாடி போட்டுக்கொண்டு எச்டிஎம்ஐ போர்ட்டின் உதட்டைப் பார். மங்கிய வெள்ளைப் பொடி, ஸ்குரூ தலையில் செந்துரு, பிராக்கெட் ஓரத்தில் கொப்புளம், இதெல்லாம் உப்புக் காற்று. வெளியே தெரிகிற துரு கால் பங்கு. சிப்புகளுக்கு அடியில் ஈரத்தோடு சேர்ந்து பச்சை பூத்துக்கிடப்பதுதான் மீதி. முட்டத்தில் இருந்தும் குளச்சலில் இருந்தும் எனக்கு வருகிற போர்டுகளில் இதை வாரம் ஒன்றாவது பார்க்கிறேன். வீடு கடலுக்குப் பக்கம் என்று சொன்னாயே தம்பி, அது முக்கியம்தான்.

கருங்கல் | நவம்பர் 9, மாலை 5.30

ஓவர்கிளாக் பற்றி அலை தம்பி கேட்டதை யாரும் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். உன் சிபியு பூட்டு போட்டது, எச்410ம் விடாது. அதனால் விளையாட்டு முழுக்க கார்டில்தான்.

முதலில் எதையும் மாற்றாமல் ஒரே டெஸ்டை மூன்று முறை ஓட்டி ஸ்கோரை எழுதி வை. அந்த எண் இல்லாவிட்டால் அப்புறம் ஏறியதா இறங்கியதா என்று மனசுதான் சொல்லும், மனசு எப்போதும் ஏறியது என்றே சொல்லும். பிறகு கோர் கிளாக்கை 25 மெகாஹெர்ட்ஸ், 25 மெகாஹெர்ட்ஸாக, பைய பைய. டெஸ்ட் நின்றுபோன இடத்தில் இருந்து இரண்டு படி கீழே வந்து நில். மெமரியைத் தனியாக ஏற்று. மெமரியில் ஒரு பொறி உண்டு: திரை நன்றாகவே இருக்கும், ஆனால் உள்ளே பிழை திருத்தித் திருத்தி ஸ்கோர் இறங்கிக்கொண்டிருக்கும். ஏற்ற ஏற்ற ஸ்கோர் குறைகிற இடம் வந்தால் அதுதான் எல்லை.

ஆனால் எனக்கு உண்மையில் பிடித்தது அண்டர்வோல்ட், அதாவது வோல்டேஜைக் குறைத்து ஓட்டுவது. என் 1660 சூப்பருக்கு ஆஃப்டர்பர்னர் சாஃப்ட்வேரில் கன்ட்ரோல் எஃப் அழுத்தினால் வோல்டேஜ் வளைவு வரும். 850 மில்லிவோல்ட் புள்ளியை 1800 மெகாஹெர்ட்ஸுக்குத் தூக்கி, அதற்கு வலப்புறம் எல்லாவற்றையும் தட்டையாக்கினேன். வேகம் கிட்டத்தட்ட அதே, சூடு 9 டிகிரி குறைவு. ஏசி இல்லாத அறையில் அந்த 9 டிகிரிதான் காசு.

முக்கியமான விஷயம்: டெஸ்டை ராத்திரி பத்து மணிக்குப் போட்டுவிட்டு முடிந்தது என்று நினைக்காதே. ஆடிச் சாரலில் பாஸ் ஆன என் செட்டிங் பங்குனி மத்தியானம் இரண்டு மணிக்குத் திரையைக் கருப்பாக்கியது. ஒரு வாரம் நிற்கும்வரை விண்டோஸ் தொடங்கும்போதே அந்த செட்டிங் ஏறுகிற மாதிரி டிக் போடாதே.

குலசேகரம் மழை | நவம்பர் 9, இரவு 7.15

ஐப்பசி இடியில் போன வருஷம் என் கார்டு போனது. பிளக்கைப் பிடுங்கிவிட்டேன், ஆனால் பிராட்பேண்ட் மோடத்தில் இருந்து வருகிற லேன் வயரைப் பிடுங்கவில்லை. இடி அந்த வழியாக வந்தது. போர்டும் கார்டும் ஒன்றாகப் போய்விட்டன. மலையடிவாரத்தில் இருக்கிறவர்கள், மேகம் உருமினாலே இரண்டு வயரையும் பிடுங்குங்கள்.

வடசேரி சால்டரிங் | நவம்பர் 9, இரவு 9.40

குலசேகரம் தம்பி சொன்னது ரொம்பப் பெரிய விஷயம். ஒக்கி புயல் அடித்த 2017 நவம்பர் கடைசியில் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. கரண்ட் திரும்பி வந்த அந்த வாரத்தில் என் மேசையில் எஸ்எம்பிஎஸ் வைக்க இடம் இல்லை. வரும்போது வோல்டேஜ் குதித்து வந்ததில் போனவை அவை.

அலை தம்பி, ஒன்று கேட்கிறேன். கம்ப்யூட்டர் ஓடும்போது கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இடத்தைப் புறங்கையால் தொட்டால் சுர்ரென்று இருக்கிறதா?

குளச்சல் அலை | நவம்பர் 9, இரவு 9.55

ஆமா அண்ணே, எப்போதும் இருக்கும். செருப்பு போட்டால் தெரியாது. எல்லா கம்ப்யூட்டருக்கும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

வடசேரி சால்டரிங் | நவம்பர் 9, இரவு 10.10

உன் வீட்டு பிளக்கில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ் உள்ளே இரைச்சலை வடிக்க இரண்டு சின்ன கெப்பாசிட்டர் இருக்கும், அதன் நடுப்புள்ளி உடம்போடு இணைந்திருக்கும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போகும். இல்லாவிட்டால் லைன் வோல்டேஜில் பாதி கேபினெட் உடம்பில் மிதக்கும். எச்டிஎம்ஐ வயரை ஓடும்போதே பிடுங்கி மாட்டுகிறபோது அது கார்டின் போர்ட் வழியாகப் பாயும். அப்படிச் செத்த கார்டுகளை எண்ண முடியாது. கார்டு வாங்குவதற்கு முன்பு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு. நீயாக பிளக்கைத் திறக்காதே.

யுபிஎஸ் இருந்தால் அதையும் பார். 600 விஏ என்பது பெரும்பாலும் 360 வாட். விளையாட்டின் நடுவில் கரண்ட் போனால் ஃபைலை சேவ் செய்து அணைக்கத்தான் அது.

குளச்சல் அலை | நவம்பர் 23, இரவு 8.30

இரண்டு வாரமாக எழுதாததற்கு மன்னிக்கவும். எல்லாம் முடிந்தது, வரிசையாகச் சொல்கிறேன்.

எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து வீட்டுக்குப் பின்னால் எர்த் குழியைத் தோண்டினார். குழாயில் கிளாம்ப் இருந்த இடத்தில் கம்பி பொடிப்பொடியாக உதிர்ந்து கிடந்தது. கையில் எடுத்தால் பிஸ்கட் மாதிரி நொறுங்குகிறது. கரியும் உப்பும் போட்டுப் புதுக் கம்பி கட்டினார். 900 ரூபாய், அப்பாவே கொடுத்துவிட்டார், எர்த் இல்லாமல் வாஷிங் மெஷின் ஓடியது தெரிந்து அவருக்கே பயம்.

எஸ்எம்பிஎஸ் 550 வாட் பிரான்ஸ், 12 வோல்ட்டில் 43 ஆம்ப், 3,900 ரூபாய். கார்டு செட்டிகுளத்தில் ஒரு அண்ணனிடம், ஆர்எக்ஸ் 6600, பில் உண்டு, வாரன்ட்டி இன்னும் ஏழு மாசம், 13,500. மொத்தம் 17,400. அவர் வீட்டிலேயே சாயா குடித்துக்கொண்டு ஹெவன் அரைமணி நேரம் ஓட்டினோம். 1792, 128 பிட், எட்டு லேன் எல்லாம் சரி. ஹாட்ஸ்பாட் 88, சாதா சூடு 69. போர்ட்டில் வெள்ளை இல்லை, ஸ்குரூ பளபளவென்று இருந்தது.

ஒரு சந்தேகம். ஏஎம்டியின் அட்ரினலின் சாஃப்ட்வேரில் பவர் 100 வாட் என்றுதான் காட்டுகிறது. 132 வரவேண்டாமா?

கருங்கல் | நவம்பர் 23, இரவு 8.50

அது சிப்பின் கணக்கு மட்டும். மெமரி, விசிறி, ரெகுலேட்டர் எல்லாம் சேர்ந்ததுதான் 132. கார்டு சரியாகத்தான் இருக்கிறது. வோல்டேஜை 1150 மில்லிவோல்ட்டில் இருந்து 25 25ஆக இறக்கு.

குளச்சல் அலை | நவம்பர் 30, மாலை 4.15

1075 மில்லிவோல்ட்டில் நிற்கிறது. 1050இல் இருபது நிமிஷத்தில் டிரைவர் விழுந்தது. மெமரி 1750இல் இருந்து 1850 மெகாஹெர்ட்ஸ். பவர் லிமிட்டைத் தொடவில்லை. ஸ்கோர் மூன்று முறை சராசரி பார்த்ததில் நூற்றுக்கு 4 ஏறியது, ஹாட்ஸ்பாட் 88இல் இருந்து 79க்கு வந்தது. விசிறி சத்தம் பாதியாகிவிட்டது. இதெல்லாம் மத்தியானம் இரண்டு மணிக்கு, ஜன்னலைத் திறந்து வைத்துப் போட்ட டெஸ்ட்.

ஜன்னலைத் திறந்தால் கடல்காற்று நேராக மேசைக்கு வருகிறது. திறந்து வைக்கலாமா, மூடி வைக்கவா?

வடசேரி சால்டரிங் | நவம்பர் 30, இரவு 9.20

கொள்ளாம் மக்கா, நல்ல வேலை. மேசையை ஜன்னலுக்கு எதிர்ச் சுவருக்கு மாற்று, கேபினெட்டைத் தரையில் வைக்காதே. கடல்காற்று பலமாக இருக்கிற சாயங்காலத்தில் மூடி வை. மாசம் ஒருமுறை மென்மையான பிரஷ்ஷால் தட்டு. ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள், சுற்றவிட்டால் பேரிங் போகும். ஈரத்துணி கூடாது, உப்பு இளகிச் சிப்புகளுக்கு அடியில் இறங்கும். வெளியூர் போய் நாலைந்து நாள் கழித்து வந்தால், முதலில் ஒரு மணி நேரம் விளையாடாமல் சும்மா ஓடவிடு, உள்ளே இருக்கிற ஈரம் போகட்டும்.

வாரன்ட்டி முடிய ஏழு மாசம் என்றாய். ஆறாவது மாசம் ஹெவனை ஒருமுறை ஓட்டி ஹாட்ஸ்பாட் எண்ணை இங்கே எழுது. 79 என்பதைக் குறித்து வைத்திருக்கிறேன்.